தாத்தா விட்டுப்போன ஒரு டன் சொத்து

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பொட்டி தட்டற பயலுக்கு வேற என்ன தெரியும், அதனால பொறுத்துக்கோங்க.

12 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றே முக்கால் அங்குல கனம். ஸ்லேட் கல்லோட அடர்த்தி தண்ணீரை விட கிட்டத்தட்ட 2.75 மடங்கு. பெருக்கிப் பார்த்தா 800 கிலோவுக்குக் கொஞ்சம் மேல வருது. நம்ம பழைய மாருதி 800 காரே 650 கிலோ சொச்சம்தான். ஆக, ஒரு முழு அளவு பில்லியர்ட்ஸ் டேபிளோட பச்சைத் துணிக்கு அடியில 5 துண்டா, ஒரு காரை விடக் கனமான கல் படுத்துக்கிடக்கு. அதைத் தாங்குற மரச்சட்டம், யானைக்கால் சைஸ்ல 8 கால், சுத்திவர குஷன் எல்லாம் சேர்த்தா ஒரு டன்னைத் தாண்டிடும்.

இந்த ஒரு டன் இப்போ என் பேர்ல இருக்கு. வச்சுக்கிறதா, வித்துடறதான்னு நாலு மாசமா வீட்டுல பேச்சு. அந்தச் சாக்குல இந்த மேசையோட வரலாறைக் கொஞ்சம் தோண்டினேன். படிச்சதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும். ஆணி அதிகம் இருக்கிறவங்க சாயந்திரம் வந்து படிங்க :-)

அம்மாவைப் பெற்ற தாத்தா குன்னூர் பக்கத்துல தோட்டக்காரங்க கிளப் ஒண்ணுல பில்லியர்ட்ஸ் மார்க்கர். கிளப் பேர் வேண்டாம், இப்போ அது இல்லவும் இல்லை. 1952ல, 16 வயசுல எடுபிடிப் பையனா சேர்ந்தவர். 1988ல கிளப்பை மூடுறப்போ ஓய்வுப் பணம் கொடுக்கக் கையில காசு இல்லைன்னு சொல்லி, "நீதானே இத்தனை வருஷம் பார்த்துக்கிட்ட, நீயே வச்சுக்கோ"ன்னு இந்த மேசையைத் தலையில கட்டிட்டாங்க. 36 வருஷ உழைப்புக்கு ஒரு மேசை. வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை போட்டு அதுல வச்சிருந்தார். போன வருஷம் தாத்தா போயிட்டார். வீடு மாமாவுக்கு. மேசை மட்டும் எனக்குன்னு சொல்லி வச்சிருக்கார். காரணம் கேட்டா சிரிப்பீங்க: "அவன்தான் இன்ஜினியர், பிரிச்சு மாட்டத் தெரியும்."

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதைத் தாத்தாகிட்ட யாரும் விளக்கிச் சொல்லலை போல.

இப்போ மாமா கொட்டகையை இடிச்சுட்டு டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விட ரூம் கட்டப் போறார். "மாப்ளே, சித்திரைக்குள்ள உன் மேசையை எடுத்துரு" என்பது அவர் கெடு. சென்னையில நான் இருக்கிற ஃபிளாட்டோட ஹால் 18க்கு 11. இந்த மேசையைப் போட்டு நாலு பக்கமும் நின்னு கியூவைப் பின்னாடி இழுத்து அடிக்கணும்னா 22க்கு 16 அடி வேணும். நாம படுக்க, சமைக்க எல்லாம் மேசைக்கு அடியிலதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆபீஸ்ல சொன்னா எல்லாரும் இதை "பூல் டேபிள்"ங்கறாங்க. கஃபடேரியாவுல ஒண்ணு கிடக்கே, அது மாதிரின்னு நினைப்பு. அது எட்டு அடி, இது பன்னிரண்டு. அதோட பாக்கெட் வாய் அகலம், இதுல சின்னது. ஆனா பூல்ங்கிற பேருக்கும் இந்த மேசைக்கும் உறவு உண்டு. இங்க பூல்னா குளம் கிடையாது. ஆளுக்கு இவ்வளவுன்னு பொதுவுல போடற பந்தயக் காசு. 19ஆம் நூற்றாண்டுல பிரிட்டிஷ் அதிகாரிகள் இதே பெரிய மேசையில "லைஃப் பூல்"னு ஒண்ணு ஆடுவாங்க. ஆளுக்கு ஒரு கலர் பந்து. நம்ம பந்தை எதிராளி பாக்கெட்ல தள்ளிட்டா ஒரு உயிர் போச்சு, காசும் போச்சு. "பிரமிட்ஸ்"னு இன்னொண்ணு. அதுல 15 சிவப்புப் பந்தை முக்கோணமா அடுக்கி ஆடணும்.

இந்த இரண்டையும் கலந்தா என்ன வரும்னு இந்நேரம் பாதிப் பேர் கண்டுபிடிச்சிருப்பீங்க. ஸ்னூக்கர்.

1875, ஜபல்பூர். நம்ம ஊர் மழைக்காலம் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வெளியில போக முடியாது, வேலையும் இல்லை. டெவன்ஷயர் ரெஜிமென்ட் மெஸ்ல 19 வயசு இளைஞன் நெவில் சேம்பர்லேன், ஆடி ஆடிச் சலிச்சுப்போய் பிரமிட்ஸோட சிவப்புப் பந்துகளோட வேற கலர் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்க்கிறான். (இவர் பின்னாளைய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் இல்லை. பேர் மட்டும்தான் ஒண்ணு. நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.) லண்டன் பக்கம் வுல்விச்ல ராணுவ அகாடமியில புதுசா சேர்ற கத்துக்குட்டிப் பசங்களுக்கு அப்போ "ஸ்னூக்கர்"னு பட்டப்பேர். சுலபமான பந்தைத் தவறவிட்ட ஒருத்தனை சேம்பர்லேன் அப்படிக் கூப்பிட்டு வைக்க, சுத்தி இருந்தவங்க சிரிக்க, இந்த ஆட்டத்துக்கு நாம எல்லாருமே ஸ்னூக்கர்தானேன்னு அந்தப் பேரே ஆட்டத்துக்கு ஒட்டிக்கிச்சு. நம்ம காலேஜ் ராகிங் பட்டப்பேர் ஒண்ணு உலக விளையாட்டுக்குப் பேரான மாதிரி.

அப்புறம் சேம்பர்லேன் ஆப்கன் போருக்குப் போய் வந்து, மெட்ராஸ் ராணுவத் தளபதியா இருந்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸ்கிட்ட வேலைக்கு வந்தார். மெட்ராஸ் அரசாங்கம் வெயில் காலத்துல எங்க போகும்? ஊட்டிக்கு. ஊட்டி கிளப் பில்லியர்ட்ஸ் ரூம்ல 1882ல ஸ்னூக்கரோட விதிமுறைகளை எழுதி மாட்டினாங்க. ஆக, ஆட்டம் பிறந்தது ஜபல்பூர்ல, சட்டம் எழுதினது நம்ம நீலகிரியில. 1885ல இங்கிலாந்தோட பெரிய ஆட்டக்காரர் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தா வந்தப்போ, கூச் பெஹார் மகாராஜா கொடுத்த விருந்துல சேம்பர்லேனைப் பார்த்து விதிகளைக் கேட்டுக்கிட்டுப் போனாராம். இதெல்லாம் நமக்குத் தெரிய வந்ததே, 1938ல வயசான காலத்துல "இது நான் கண்டுபிடிச்சதுய்யா"ன்னு சேம்பர்லேன் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினதாலதான். இல்லைன்னா அந்த மரியாதையை வேற யாராவது தட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க.

இந்தக் கதை மாமாவுக்கு அரைகுறையாத் தெரியும். அந்த அரைகுறையில இருந்து "நம்ம மேசைதான் ஸ்னூக்கர் பிறந்த மேசை, ஊட்டியில இருந்து மாட்டு வண்டியில வந்தது"ன்னு ஒரு கதை எங்க சொந்தத்துக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. மேசை கேட்டு பெங்களூர்ல இருந்து வந்த பழம்பொருள் வியாபாரிக்கும் அந்தக் கதை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பிடிக்காம என்ன, கதைக்குத்தானே அவர் விலை வைக்கப் போறார்!

ஊட்டி கிளப்போட பழைய மேசை ஊட்டி கிளப்லதான் இருக்கு. அதை யாரும் எங்கேயும் வண்டி ஏத்தலை. அப்போ எங்க மேசை எந்தக் காலத்தது? பேர்ப்பலகை இருந்த இடத்துல நாலு திருகாணி ஓட்டைதான் மிச்சம். போன பொங்கலுக்குப் போனப்போ செல்போன் டார்ச்சை வச்சுக்கிட்டு மேசைக்கு அடியில மல்லாக்கப் படுத்துப் பார்த்தேன். (எட்டுக்கால் பூச்சிக்கு பயப்படறவங்க இதை முயற்சி பண்ண வேண்டாம்.) ஒவ்வொரு தடவை துணி மாத்துறப்பவும் அதை மாத்தின மேஸ்திரி சட்டத்து மரத்துல பென்சில்ல தேதி எழுதுறது வழக்கம் போல. படிக்க முடிஞ்சதுல பழசு 1931. அதுக்கு முன்னாடி ரெண்டு வரி அழிஞ்சு போயிருக்கு. 1960க்கு அப்புறம் எல்லாம் தாத்தா கையெழுத்து. மாசம் தமிழ்ல, வருஷம் எண்ல. கடைசியா "ஆவணி 1994". சட்டமும் காலும் தேக்கு. சீமையில செய்ததா இருந்தா பெரும்பாலும் மஹாகனியா இருக்கும். அதனால கல்லை மட்டும் கப்பல்ல வரவழைச்சு இங்கேயே தச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன். 1882 எல்லாம் இல்லவே இல்லை.

இங்க கல்லைப் பத்தி ஒரு வார்த்தை. ஆரம்பத்துல இந்த ஆட்டமே புல்தரையில ஆடினதாம். வீட்டுக்குள்ள மேசைக்கு வந்தப்போ புல்லுக்குப் பதிலா பச்சைத் துணி வந்ததுன்னு சொல்றாங்க. மேசைப் பலகை மரமா இருந்தவரைக்கும் ஈரத்துல கோணிக்கிட்டே இருந்திருக்கு. 1820களில் லண்டன்ல தர்ஸ்டன்னு ஒரு மேசை செய்யறவர் ஸ்லேட் கல்லைப் போட்டுப் பார்த்தார். சின்னப் புள்ளைங்க எழுதுற அதே ஸ்லேட்தான். பாளம் பாளமா உரிக்கலாம், தேய்ச்சா கண்ணாடி மாதிரி சமமாகும், மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. வட வேல்ஸ் குவாரிகள்ல இருந்து டன் டன்னா வெட்டி உலகம் பூரா அனுப்பினாங்க. அப்புறம் குஷன். 1830களில் ரப்பர் வச்சாங்க, ஆனா குளிர்ல அது கட்டை மாதிரி இறுகிடும். ஆடறதுக்கு முன்னாடி சூடு காட்டி இளக வைக்கணுமாம். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தின ரப்பர் வந்து 1845 வாக்குல அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. அன்னிக்கு உருவான மேசைக்கும் இன்னிக்கு டிவியில பார்க்கிற மேசைக்கும் அடிப்படையில பெரிய வித்தியாசம் கிடையாது. நம்ம தொழில்ல 5 வருஷப் பழசை மியூசியத்துல வைக்கிறோம்!

எனக்கு உண்மையிலேயே வயித்தைக் கலக்கினது பந்துதான். மேசையோட ஒரு மரப்பெட்டி. உள்ள மூணு பந்து, ரெண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. வெள்ளை இல்லை, பழுப்பேறின தந்த நிறம். தந்தமா இருந்துட்டா?

ஏன் பயம்னா, பழைய பில்லியர்ட்ஸ் பந்தெல்லாம் நிஜமாவே யானைத் தந்தத்துல கடைஞ்சது. அதுவும் தந்தத்தோட நடு நரம்பு பந்தோட நட்டநடுவுல ஓடணும், இல்லைன்னா உருளறப்போ ஒரு பக்கமா இழுக்கும். ஒரு தந்தத்துல விரல் விட்டு எண்ணக்கூடிய பந்துதான் தேறும். எத்தனை யானை! இந்தியாவுல 1972 வனவிலங்குச் சட்டமும், அதுக்கு 1986லயும் 1991லயும் வந்த திருத்தங்களும் சேர்ந்து தந்த வியாபாரத்தை மொத்தமா மூடிடுச்சு, ஆப்பிரிக்கத் தந்தம் உட்பட. விக்கிறது இருக்கட்டும், வாரிசா கைக்கு வந்தாலே 90 நாளுக்குள்ள வனத்துறைக்கு எழுதிக் கொடுத்தாகணும். "தாத்தா வச்சிருந்தது சார்"னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நினைச்சுடாதீங்க.

தந்தமான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. லென்ஸ் வச்சுப் பார்த்தா குறுக்கும் நெடுக்கும் பின்னின மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். எங்க பந்துல கோடு எதுவும் இல்லை. அடுத்த சோதனை: கட்டைவிரலை வச்சு சூடு பறக்கத் தேய்ச்சு மோந்து பார்க்கணும். தேய்ச்சேன். மோந்தேன்.

கற்பூர வாசனை. நிஜமாங்க. கோயில்ல தீபாராதனை முடிஞ்சு தட்டு பக்கத்துல வர்றப்போ அடிக்கிற அதே வாசனை, ரொம்ப லேசா. அதுக்கப்புறம்தான் பெட்டி மூடிக்குள்ள பாதி உரிஞ்ச லேபிள்ல "கிரிஸ்டலேட்"னு இருந்ததைக் கவனிச்சேன். அப்பாடா!

அந்தக் கற்பூரம் எப்படி வந்துச்சுன்னா, அது தனிக் கதை. 1860களில் அமெரிக்காவுல பில்லியர்ட்ஸ் சூடு பிடிக்குது, தந்தம் விலை ஏறுது. மேசை விக்கிற கம்பெனி ஒண்ணு, தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிக்கிறவங்களுக்கு 10,000 டாலர்னு அறிவிச்சுது. ஆல்பனி ஊர்ல அச்சுத்தொழிலாளியா இருந்த ஜான் வெஸ்லி ஹயாட் அதுல இறங்கினார். பருத்தியை நைட்ரிக் அமிலத்துல ஊற வச்சா கிடைக்கிற பொருளோட கற்பூரத்தைச் சேர்த்து அழுத்தினா தந்தம் மாதிரியே ஒண்ணு வந்தது. 1870ல காப்புரிமை. அதுதான் செல்லுலாய்ட். அந்தப் பருத்தி வெடிமருந்துக்கு ஒண்ணுவிட்ட சகோதரன். பந்தும் பந்தும் மோதுறப்போ சின்னதா 'டப்'புன்னு சத்தம் வந்து, கொலராடோ மதுக்கடையில ஆட்டம் பார்த்தவன் எல்லாம் துப்பாக்கியை உருவினதா அந்தக் கடைக்காரர் தனக்குக் கடிதம் போட்டார்னு ஹயாட்டே பின்னாடி சொல்லியிருக்கார். அந்த செல்லுலாய்ட்லதான் பிறகு சினிமா ஃபிலிம் சுருள் வந்தது. ஆக, மாங்கு மாங்குன்னு நாம விமர்சனம் எழுதிக்கிட்டு இருக்கிற தமிழ் சினிமாவுக்கும் பில்லியர்ட்ஸ் பந்துக்கும் ஒரே பூர்வீகம். இங்கிலாந்துல வந்த கிரிஸ்டலேட்டும் இதே கற்பூரக் குடும்பம்தான். அதைச் செய்த கம்பெனி அதே காலத்துல இசைத்தட்டும் போட்டு வித்தது.

சரி, பந்தால ஜெயில் இல்லை. மேசைக்கு வருவோம். வியாபாரி கேட்ட விலை ஒன்றே முக்கால் லட்சம். என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். ஒளிவு மறைவில்லாம சொன்னார்: காலும் சட்டமும் ஒரு ரிசார்ட்டுக்குப் போகுது, மேல கண்ணாடி போட்டு பத்துப் பேர் உக்காந்து சாப்பிடற மேசை. கல்? "கல்லு வேஸ்ட் சார். கார்டன்ல நடைபாதைக்குப் போடலாம்."

இன்னொருத்தர் மேட்டுப்பாளையத்துல மாடியில ஸ்னூக்கர் பார்லர் நடத்துற தம்பி. என்னை விடச் சின்னவர். வந்தவுடனே மேசையைத் தடவிப் பார்க்கலை, காலைத் தட்டிப் பார்க்கலை. பாக்கெட்ல இருந்து ரசமட்டத்தை எடுத்து துணி மேல வச்சார். மூணு இடத்துல வச்சுப் பார்த்துட்டு, "அண்ணா, 30 வருஷமா யாரும் தொடலைங்கறீங்க, ஒரு மூலைதான் கொஞ்சம் இறங்கியிருக்கு. யார் செட் பண்ணது?"ன்னு கேட்டார். 90,000 வரைக்கும் முடியும்னார்.

யார் செட் பண்ணதுங்கிற கேள்விதான் எனக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. சேம்பர்லேன் பேர் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. ஊட்டியில விதிமுறையை மாட்டின அன்னிக்கு ராத்திரி, அந்தப் புது ஆட்டத்துக்கு மதிப்பெண் சொன்னவன் யார்? பாக்கெட்ல விழுந்த கலர் பந்தை எடுத்துத் திரும்ப அதே புள்ளியில வச்சவன் யார்? ஒரு மார்க்கர் இருந்திருப்பான், நிச்சயமா. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் கிளப் பலதுல இந்தியன் உறுப்பினராக முடியாது. ஆனா மேசைக்குப் பக்கத்துல ராத்திரி முழுக்க ஒரு இந்தியன் நின்னே ஆகணும். உலகத்துல முதல்முதலா ஸ்னூக்கர் விதியை மனப்பாடமாத் தெரிஞ்சு வச்சிருந்த ஆட்கள்ல சில பேர் தமிழ் பேசினவங்களா இருந்திருப்பாங்கங்கிறது என் ஊகம். அவங்க பேர் ஒண்ணுகூட எனக்குக் கிடைக்கலை.

மார்க்கர் வேலைன்னா ஸ்கோர் சொல்றது மட்டும்னு நினைச்சிருந்தேன். தாத்தா சொல்லிக் கேட்டது வேற. காலையில துணியை பிரஷ் போடணும். கம்பளித் துணியோட மயிர் ஒரு பக்கமாப் படிஞ்சிருக்கும். அந்தப் பக்கமாத்தான் போடணும், எதிர்த்திசையில ஒரு இழுப்பு இழுத்தாலும் போச்சு. பிறகு இஸ்திரி. சாதாரண பெட்டி இல்லை, தனியா ஒரு கனத்த இரும்பு, அடுப்புல சுட வச்சு, முதல்ல ஒரு பழைய பேப்பர் மேல வச்சுப் பார்க்கணும். பேப்பர் பழுத்தா துணியும் பழுக்கும். குன்னூர் மழையில துணி ஈரம் குடிச்சிடும், பந்து சேத்துல உருளுற மாதிரி உருளும். அந்த மாசங்கள்ல ரெண்டு வேளையும் இஸ்திரி. கல் இணைப்புல மெழுகு விட்டுத் தேய்க்கிறது, காலுக்கு அடியில மெல்லிய ஆப்பு வச்சு மட்டம் பிடிக்கிறது, கியூ முனைக்குத் தோல் ஒட்டுறது எல்லாம் அவர்தான்.

அப்புறம் முக்கியமான வேலை: தோக்கறது. ஜோடி கிடைக்காத துரை தனியா வந்தா மார்க்கர்தான் கூட ஆடணும். தினமும் ஆடறவன் கை எப்படி இருக்கும்? ஆனா ஜெயிக்கக் கூடாது. அப்பட்டமாவும் தோக்கக் கூடாது. "நாலஞ்சு பாயிண்ட்ல தோக்கணும்டா. அவனுக்கு சந்தேகம் வராம பந்தை நூலளவு தப்ப விடணும். போடறதை விட அது கஷ்டம்" என்பார். 1958ல வில்சன் ஜோன்ஸ் கல்கத்தாவுல உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் ஜெயிச்சார். தனிநபர் விளையாட்டுல உலகப் பட்டம் வாங்கின முதல் இந்தியர் அவர்தான். 1973ல பம்பாயில அதே பட்டத்தை இலங்கையோட லஃபீர் வாங்கினார். அந்த ரெண்டு பேரைப் பத்தியும் தாத்தா பேச ஆரம்பிச்சா டீ ஆறிடும். தானும் அங்க போயிருக்கலாம்னு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனா ஆட்டத்துல எண்றப்போ மட்டும் கடைசி வரைக்கும் இங்கிலீஷ்லதான் எண்ணினார். பால்காரன் கணக்கெல்லாம் தமிழ்ல.

இதெல்லாம் கேட்டு, நான் 'பாரம்பரியம்', 'பொக்கிஷம்' ரேஞ்சுக்கு உணர்ச்சிவசப்பட்டு, சென்னையில ஒரு கோடவுன் வாடகைக்கு எடுத்தாவது வச்சுக்கலாம்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேட்டாங்க: "அந்த மேசை எப்ப வீட்டுக்கு வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

1988. அம்மா பிளஸ் டூ முடிச்ச வருஷம். கோயம்புத்தூர்ல நர்சிங் சேர இடம் கிடைச்சிருக்கு. தாத்தாவோட ஓய்வுப் பணம் வந்தா ஃபீஸ் கட்டலாம்னு ஏற்பாடு. பணம் வரலை. லாரியில மேசை வந்தது. அதை இறக்கவே பன்னிரண்டு ஆளுக்குக் கூலி கொடுக்கக் கடன் வாங்கினாங்களாம். கொட்டகையில பசங்களுக்கு ஆட்டத்துக்கு இத்தனைன்னு விட்டுப் பார்த்தார். டிவி, கேபிள்னு வந்தப்புறம் அதுவும் படுத்துடுச்சு. "எனக்கு அது மேசை இல்ல. எங்கப்பாவுக்குக் கொடுக்காம விட்ட பணம். 36 வருஷத்துப் பணம்"னாங்க. எனக்குப் பேச்சே வரலை. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இதை என்கிட்ட சொன்னதில்லை.

சேம்பர்லேனையும் ஹயாட்டையும் தேடித் தேடிப் படிச்ச எனக்கு அம்மாவோட 1988 கண்ல படலை, அது எந்தத் தளத்துலயும் இல்லையே. தோட்டக் கிளப்புகள் ஏன் மூடினதுங்கிறதுக்குப் பொதுவான காரணம் வேணா சொல்லலாம். 1947க்கு அப்புறமும் வெள்ளைக்காரத் துரைகள் இருந்தாங்க. 1973ல வந்த அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுக் கம்பெனிகள் பங்கைக் குறைக்கச் சொன்னப்புறம் தோட்டங்கள் கை மாறிச்சு, எஞ்சியிருந்தவங்களும் கப்பலேறினாங்க. சந்தா கட்ட ஆள் குறைஞ்சா கிளப் என்ன ஆகும்? இதெல்லாம் சரி. கிளப்ல நாற்காலி, கண்ணாடி, வெள்ளிக் கோப்பை எல்லாம் ஏலம் போச்சு, மேசையை மட்டும் யாரும் கேட்கலை, ஏன்னா தூக்க முடியலை. அதனாலதான் அது மார்க்கருக்கு வந்தது. இந்தக் காரணம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்போ வியாபாரிகிட்டயே கொடுத்துடலாமா, அவர்தானே கூட கொடுக்கிறார்னேன். கோபம் வரும்னு நினைச்சேன். அம்மா நிதானமா யோசிச்சாங்க. "கல்லை என்ன பண்ணுவானாம்?"னு கேட்டாங்க. நடைபாதைன்னேன். கொஞ்ச நேரம் கீரைத்தண்டு ஒடியற சத்தம் மட்டும்தான். "அப்பா அந்தக் கல்லு மேல யாரையும் டீ கிளாஸ்கூட வைக்க விடமாட்டார்" என்றவங்க, அடுத்து சொன்னது: "அந்தப் பையனுக்கே கொடு. ஆனா ஒரு ரூபா குறைக்காத. ஒன்றே முக்கால். முடியலைன்னா மாசாமாசம் கட்டச் சொல்லு."

வச்சுக்கலாமா விக்கலாமாங்கிற கேள்விக்கு நான் எட்டு பத்தி ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிக்காத பதில் இது. யோசிச்சுப் பார்த்தா இந்த மேசையில பழசுன்னு எதைச் சொல்றது? துணி எத்தனையோ தடவை மாறியிருக்கு, மரத்துலயே தேதி இருக்கு. குஷன் ரப்பர் மாறியிருக்கு, இப்பவும் இறுகிப்போய் மாத்தத்தான் வேணும். பந்து வேற. கல்லும் தேக்கும்தான் மிச்சம். அந்தக் கல்லைத்தான் வியாபாரி வேஸ்ட்ங்கறார்.

தம்பிகிட்ட பேசினேன். முதல்ல தயங்கினார், அப்புறம் 60,000 முன்பணம், மீதி 23 மாசம், மாசம் 5,000ன்னு ஒத்துக்கிட்டார். பணம் அம்மா கணக்குக்குப் போகும். வட்டி கேட்கலாமான்னு மாமா கேட்டார், அம்மா ஒரு பார்வை பார்த்தாங்க, அத்தோட சரி. தம்பிக்கு ஒரு பழைய இஸ்திரி இரும்பும் இலவசம். சுவத்துல மாட்டியிருந்த மார்க்கிங் போர்டை, பித்தளை முள் நகர்த்திப் புள்ளி காட்டுறது, அதை மட்டும் நான் எடுத்துக்கிறேன். மூணு கிலோகூட இருக்காது, ஃபிளாட் சுவர் தாங்கும்.

பந்துப் பெட்டி? அம்மா எடுத்து பூஜை அலமாரிக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க. ஏன்னு நான் கேட்கலை. செல்லுலாய்ட் சமாச்சாரம், விளக்குக்குப் பக்கத்துல வைக்காதீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை பிரிக்கிறோம். கோயம்புத்தூர்ல இருந்து இந்த வேலை தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தர் வர்றார். (இன்ஜினியர் வேடிக்கை பார்ப்பார்.) ஒவ்வொரு கல்லும் 160 கிலோவுக்கு மேல, ஆறு பேர் வேணும். கல்லைப் படுக்க வச்சு ஏத்தினா மலை இறக்கத்துல குலுங்கி நடுவுல விரிசல் விட்டுடுமாம், நிக்க வச்சு நடுவுல வைக்கோல் அடைக்கணும்னு சொல்லியிருக்கார். ஞாயிறு மத்தியானம் குன்னூர் - மேட்டுப்பாளையம் ரோட்டுல யாராவது வந்தீங்கன்னா, கொண்டை ஊசி வளைவுல ஒரு லாரி நத்தை மாதிரி ஊர்ந்துக்கிட்டு இருக்கும். ஹாரன் அடிக்காதீங்க ப்ளீஸ்.